தண்டுச் செடியின் கணுவில் வேரா? பிடுங்கும் முன் இலையைப் பாருங்கள்

ரோட்டாலா, லுட்விஜியா, ஹைக்ரோஃபிலா போன்ற தண்டுச் செடிகள் மீன்தொட்டியில் வேர் பிடித்து வளரத் தொடங்கியதும், தண்டின் நடுக் கணுக்களிலிருந்து வெள்ளை இழைகள் தண்ணீருக்குள் தொங்க ஆரம்பிக்கும். பார்த்ததும் பலருக்குக் கை பரபரக்கும். ஒருவர் பிடுங்குவார், இன்னொருவர் உரத்தை இரட்டிப்பார், வேறொருவர் பாசி என்று நினைத்து மருந்தை ஊற்றுவார். மூன்றிலும் அடி வாங்குவது செடிதான். வேர் மறுபடி வந்துவிடும்.

இதை நோயாகப் பார்ப்பதிலிருந்துதான் மற்ற தவறுகள் எல்லாம் கிளைக்கின்றன. தண்டுச் செடிகளில் பல, இயற்கையில் நீர்க்கரை ஓரத்தில் பாதி நனைந்தும் பாதி நனையாமலும் வாழ்பவை. தண்டு சாய்ந்தால் தரையைத் தொட்ட கணுவில் வேர் விட்டு ஊர்ந்துகொண்டே போகும். ஒடிந்த துண்டு மிதந்து போய் வேறிடத்தில் ஊன்றிக்கொள்ளும். மணி பிளாண்ட் துண்டைத் தண்ணீர் பாட்டிலில் போட்டால் நடப்பதும் இதேதான். தொட்டிக்குள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது. அந்த வேர்கள் சும்மாவும் தொங்குவதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் சத்தை அங்கேயே உறிஞ்சிக்கொள்கின்றன. நேர்மாறான ஒரு செடியும் உண்டு. ஹார்ன்வார்ட்டுக்கு உண்மையான வேரே கிடையாது. அதை மணலில் ஊன்றிவிட்டு வேர் பிடிக்கும் என்று காத்திருப்பது வீண்.

பாசி என்று ஏமாறுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. புதிதில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும் வேர், வெளிச்சம் படப்பட பச்சையாகிவிடும். பிறகு தொட்டியின் தூசு படிந்து பழுப்பாகும். தூரத்திலிருந்து பார்த்தால் நார்ப்பாசி போலவே தெரியும். கிட்டப்போய் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். வேர் கணுவிலிருந்து மட்டுமே வரும். பாசிக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. இலை விளிம்பு, கண்ணாடி, ஃபில்டர் குழாய் என்று கிடைத்த இடத்தில் ஒட்டும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் பாசியைக் கொல்ல ஊற்றும், குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருள் கலந்த திரவத்தை அளவுக்கு மீறி ஊற்றினால் வேர் போகாது. பக்கத்தில் இருக்கும் வாலிஸ்னேரியாவும் எலோடியா வகைச் செடிகளும் கரைந்து போகலாம். இறாலுக்கும் ஆபத்து.

அடுத்தது பிடுங்குவது. வேர் புறப்படும் அதே கணுவில்தான் பக்கக் கிளைக்கான மொட்டும் இருக்கிறது. வேரை இழுக்கும்போது தண்டின் தோல் கொஞ்சம் கிழிந்து வந்தால் அந்த மொட்டும் போயிற்று. காயம் பட்ட இடம் அழுகவும் செய்யலாம். புதிதாக நட்ட செடியாக இருந்தால் செடியே கையோடு வந்துவிடும். கண்ணை உறுத்தினால் கூரான கத்தரியால், தண்டை ஒட்டி இரண்டு மில்லிமீட்டர் விட்டு நறுக்குங்கள். தண்ணீர் மாற்றும் நாளில் செய்தால் மிதக்கும் துணுக்குகளை வலையால் அள்ளிவிடலாம், ஃபில்டர் வாயில் போய் அடைக்காது. முன்பக்கம் தெரிவதை மட்டும் நறுக்கிவிட்டுப் பின்பக்கத்தை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. இறால் அந்த வேர்களை நாள் முழுக்க மேய்ந்துகொண்டிருக்கும், மீன் குஞ்சுகளுக்கும் ஒளிய இடம்.

‘வேர் தொங்கினால் அடியில் சத்து இல்லை’ என்று பலர் சொல்வது பாதி உண்மை. வெறும் மணலிலோ சரளையிலோ நட்டிருந்தால் சத்து தண்ணீரில்தான் இருக்கும். வேர் தண்ணீரைத் தேடுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் சத்துள்ள மண்ணில் நட்டாலும் வாட்டர் விஸ்டீரியா போன்றவை கணுவுக்குக் கணு வேர் விடத்தான் செய்யும். ஆகவே உரம் போதுமா என்று இலையைக் கேளுங்கள். அடியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் நைட்ரஜன் குறைவாக இருக்கலாம். பழைய இலைகளில் ஊசி குத்தியது போல ஓட்டை விழுந்தால் பொட்டாசியம், நுனி இலைகள் வெளுத்தால் இரும்புச்சத்து. இலைகள் தெளிவாக இருக்கும்போது வேரை நிறுத்துவதற்காக உரம் கொட்டினால் பாசிக்குத்தான் விருந்து. வேருக்கு மருந்தாக விளக்கின் நேரத்தைத் திடீரென்று கூட்டுவதும் அங்கேதான் கொண்டுபோய் விடும்.

வேர் உண்மையிலேயே ஏதோ சொல்ல வரும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு, அதைத்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். தண்டின் மேல்பாதி செழிப்பாக இருக்கும், வேர் நிறைய தொங்கும். கீழ்ப்பாதி இலையில்லாமல் மொட்டையாக, மண்ணுக்குப் பக்கத்தில் கறுத்துப்போய் இருக்கும். கடையில் வாங்கிய செடிக்கட்டில் சுற்றியிருக்கும் ஈயப்பட்டையையோ ஸ்பாஞ்சையோ பிரிக்காமல் அப்படியே நட்டிருப்பார்கள், அல்லது வருடக்கணக்கில் கத்தரியே படாமல் அடர்ந்திருக்கும். அடியில் வெளிச்சமும் இல்லை, நீரோட்டமும் இல்லை. செடி அடிப்பகுதியைக் கைகழுவிவிட்டு மேலே பிழைக்கப் பார்க்கிறது. இதற்கு உரம் தீர்வல்ல, கத்தரிதான்.

இங்கேயும் தலைகீழாகச் செய்பவர்கள் உண்டு: நுனியை வெட்டி எறிந்துவிட்டு, மொட்டையான அடியை விட்டுவைத்துத் துளிர்க்குமா என்று பார்ப்பார்கள். வைத்துக்கொள்ள வேண்டியது நுனி. பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். அடி இரண்டு கணுக்களின் இலைகளைக் கிள்ளிவிட்டு, அந்தக் கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். இப்போது பாருங்கள், திட்டித் தீர்த்த வேரே உதவிக்கு வருகிறது. வேர் விட்ட நுனி சீக்கிரம் மண்ணைப் பிடிக்கும். நீளமான வேரை மட்டும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் குழிக்குள் மடங்கி, செடி மேலே எழும்பிவிடும். இடுக்கியால் ஒவ்வொரு தண்டாக, கொஞ்சம் சாய்வாக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில். கொத்தாக வேண்டாம். ரோட்டாலா ரொட்டண்டிஃபோலியாவின் அடி பசுமையாக இருந்தால் அதைப் பிடுங்க வேண்டியதில்லை. மேலே வெட்டினாலே பக்கக் கிளை விட்டுப் புதராகும்.

வெட்டிய மிச்சத்தைக் குளத்திலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். ஒரே ஒரு கணு உள்ள துண்டும் செடியாகிவிடும். மீன்தொட்டிக்காகப் போன ஆசியச் செடியான ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கால்வாய்களை அடைக்கும் களையானது. அமெரிக்கக் கண்டங்களின் கபோம்பா செடி ஆஸ்திரேலியாவில் அதே வேலையைச் செய்கிறது. மிச்சத்தை வெயிலில் சருகாகக் காயவைத்த பிறகு குப்பையிலோ உரக்குழியிலோ போடுங்கள். தொட்டித் தண்ணீரையும் வடிகட்டிவிட்டே வெளியே ஊற்றுங்கள்.