மாய சாகச நாவலைக் குழந்தைக்கு வாசித்துக் காட்டுவது எப்படி?

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அட்டைப்படத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கதையின் மாயத்துக்கு ஓர் எல்லை இருக்கிறதா என்று பாருங்கள். நினைத்ததெல்லாம் நடந்துவிடும் கதையில் ஆபத்துக்கு இடமில்லை. ஆபத்து இல்லாத சாகசத்தில் குழந்தைகளுக்கு விரைவிலேயே சலிப்புத் தட்டிவிடும். ஆங்கில எழுத்தாளர் எடித் நெஸ்பிட் எழுதி 1902இல் வெளிவந்த ‘ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்’ நாவலில், சரளைக் குழியில் அகப்படும் விந்தை உயிர் கேட்ட வரத்தைத் தரும். ஆனால் சூரியன் மறைந்ததும் அந்த வரம் கலைந்துவிடும். பேரழகு வேண்டும் என்று கேட்ட பிள்ளைகளை வீட்டுப் பணிப்பெண்ணே அடையாளம் தெரியாமல் உள்ளே விட மறுக்க, அவர்கள் பசியோடு வெளியே தவிக்கும் இடத்தை வாசித்தால், இத்தகைய கதைகள் சிறுவர்களை ஏன் ஈர்க்கின்றன என்பது விளங்கும். மாயம் புதிது என்றாலும், பசியும் பயமும் அவர்கள் நன்கறிந்தவை.

ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும். சிக்கல் முற்றிய இடத்தில் நிறுத்தி, “இனி என்ன செய்வார்கள்?” என்று கேளுங்கள், பதில் கதையோடு பொருந்தாவிட்டாலும் திருத்தாதீர்கள், ஏனெனில் அந்த மாய உலகின் விதிகளைக் குழந்தை தானே கண்டுபிடிப்பதில்தான் வாசிப்பின் பெரும் இன்பம் இருக்கிறது. ‘இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?’ என்ற கேள்வியை அறவே தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அச்சமூட்டும் காட்சியைத் தாண்டிச் செல்லாமல், நிதானமாக வாசியுங்கள்; குழந்தையின் முகம் வாடினால் மட்டும், நாயகர்கள் தப்பிவிடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.