பேட்டரியும் இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை: எர்த் கேபிள்

திண்டிவனம் தாண்டி டீ குடிக்க நிறுத்திய கார், திரும்பக் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு ‘டிக்’. தள்ளி ஸ்டார்ட் செய்து வீடு வந்தேன்.

மறுநாள் புது பேட்டரி, 5,200 ரூபாய். இரண்டு நாள் ஓடியது, அப்புறம் அதே ‘டிக்’. ஒர்க்‌ஷாப்பில், என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்றணும், 9,000 ஆகும் என்றார்கள்.

எனக்கு ஒன்று உறுத்தியது. சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட் மங்கவே இல்லை. பேட்டரி வீக் என்றாலோ மோட்டார் இறுகியிருந்தாலோ மங்கியிருக்க வேண்டும். அப்படியானால் மோட்டாருக்குக் கரண்டே சரியாகப் போகவில்லை.

தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை என்ஜின் பிளாக்கிலும் வைத்து, “இப்ப திருப்புங்க” என்றார். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 7 வோல்ட்! அதாவது, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கரண்டுக்குத் தடை. பேட்டரி நெகட்டிவிலிருந்து என்ஜினுக்குப் போகும் எர்த் கேபிளின் டேப்பைப் பிரித்தால், உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது. மேலே பார்க்க அது புதுசு மாதிரி இருந்ததுதான் எல்லோரையும் ஏமாற்றியது.

புது கேபிள், கூலி சேர்த்து 600 ரூபாய். போல்ட் உட்காரும் இடத்தை எமரி தாள் போட்டுத் தேய்த்து முடுக்கினார். மூன்று வாரமாக ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது, நிம்மதி.