வெளிநாட்டிலிருக்கும் வீட்டுக்காரர் பதில் சொல்லாவிட்டால்: புதிய திட்ட மேலாளர்களுக்கு

குமரி மாவட்டத்தில் வீடு கட்டிக் கொடுக்கும் வேலைக்கு வந்தால், நம் வாடிக்கையாளர் குவைத்திலோ மஸ்கட்டிலோ இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். தக்கலையில் கம்பி கட்டி முடித்துவிட்டு அவருடைய ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்போம். கான்கிரீட்டைத் தாங்கும் பலகைக்கும் முட்டுக்குமான சென்ட்ரிங் வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போகும். இந்த நிலைமையை நான் கையாளும் விதத்தைச் சொல்கிறேன்.

முதல் படி: ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்

"நீங்கள் பேச முடியாத நாளில் யார் முடிவு சொல்வார்?" என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். மச்சானோ மாமனாரோ, பெயரும் எண்ணும் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். டைல்ஸ் நிறத்தை அவர் முடிவு செய்யலாமா, கூடுதல் செலவுக்குச் சம்மதிக்கலாமா என்பதையும் பிரித்து எழுதுங்கள். பதிலுக்கு நான் 3 நாள் கொடுக்கிறேன். அதற்கு மேல் தாமதமாகும் நாட்கள் பால்காய்ப்புத் தேதியைத் தள்ளும் என்பதும் அதில் இருக்கும்.

இரண்டாம் படி: பின்னோக்கி எண்ணுங்கள்

மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடும் முன்பே மின்குழாய் பதித்தாக வேண்டும். ஆகவே விளக்கும் மின்விசிறியும் எங்கே என்ற கேள்வி, அதற்கு 10 நாட்களுக்கு முன்பே போக வேண்டும். நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. மே மாதத்தில் இழக்கும் ஒரு வாரம் எளிதில் திரும்பக் கிடைக்காது.

மூன்றாம் படி: ஒரு செய்தி, ஒரு கேள்வி

குளச்சல் பக்கம் ஒரு வீட்டுக்கு ஏழு கேள்விகளை ஒரே செய்தியில் அனுப்பினேன். மாடி அறைக்கு ஏசி வேண்டுமா என்பது ஐந்தாவது கேள்வி. "பார்க்கிறேன்" என்று மட்டும் பதில் வந்தது. வேண்டாம் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்து பூச்சு வேலையை முடித்துவிட்டேன். விடுப்பில் வந்தவர் சுவரைத் தடவிப் பார்த்து, "ஏசி பாயிண்ட் எங்கே தம்பி?" என்று கேட்டார். பூசிய சுவரை வெட்டி மறுபடி பூசினோம். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது அந்தத் தழும்பு இன்றும் தெரிகிறது.

இப்போது இப்படி எழுதுகிறேன்: "அண்ணா, மாடி அறைக்கு ஏசி வேண்டும் என்றால் 1, வேண்டாம் என்றால் 2 அனுப்புங்கள். சனிக்கிழமைக்குள் தெரிந்தால் திங்களன்று எலக்ட்ரீசியன் வருவார். இல்லையென்றால் பூச்சு வேலை ஒரு வாரம் தள்ளிப்போகும்." கூடவே, சுவரில் சாக்பீஸால் வட்டமிட்ட ஒரு படம்.

நேரத்தையும் பாருங்கள். குவைத்தும் சவுதியும் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், அமீரகமும் ஓமனும் ஒன்றரை மணி நேரம் பின்னால். நம் காலை 9 மணிக்கு அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கலாம். குவைத்திலும் சவுதியிலும் வெள்ளிக்கிழமை விடுமுறை; அன்று மனம் விட்டுப் பேசுவார்.

நான்காம் படி: அமைதிக்குக் காரணம் தேடுங்கள்

இரண்டாம் நாள் அதே கேள்வியை முழுதாக மீண்டும் அனுப்புங்கள். மூன்றாம் நாள் அழையுங்கள். பிறகு ஒப்பந்தத்தில் உள்ள இரண்டாம் நபரிடம் போங்கள். குடும்பக் குழுவில் புகார் சொல்லவே கூடாது.

நான் பார்த்தவரை, நீண்ட அமைதிக்குப் பின்னால் பல நேரம் பணம்தான் இருக்கிறது. சம்பளம் தாமதமாகியிருக்கும், அடுத்த தவணை கையில் இல்லை என்று சொல்லக் கூச்சப்படுவார். டைல்ஸைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு, "இரண்டு மாதம் வேலையை மெதுவாகக் கொண்டுபோகலாமா அண்ணா?" என்று கேளுங்கள். ஒருமுறை இந்தச் செய்தி போன பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது.

ஐந்தாம் படி: நிறுத்துவதானால் எழுதி நிறுத்துங்கள்

அவருக்குப் பதிலாக நீங்கள் முடிவெடுக்காதீர்கள். எந்தத் தேதியில், எந்தக் கட்டத்தில் வேலை நிற்கிறது என்று எழுதி, படங்களோடு அனுப்புங்கள். ஆட்களை வேறு வீட்டு வேலைக்கு மாற்றிவிடுங்கள். கடற்கரைப் பக்கமென்றால் வெளியே நீட்டியிருக்கும் கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் பூசுங்கள்; உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். மிஞ்சிய சிமெண்ட் மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். அவர் திரும்ப அழைக்கும் நாளில் முதலில் ஒரு மூட்டையைப் பிரித்து, உள்ளே இருக்கும் சிமெண்ட் கட்டி விரலில் உடைகிறதா என்று பாருங்கள். உடையாவிட்டால் புதுச் சிமெண்டின் செலவையும் சேர்த்தே புதிய தேதியைச் சொல்லுங்கள்.