ஆப்பொடிக்டிக்: எந்த வகை உறுதி?

கட்டுரைக்கு எடுப்பாக ஓர் ஆங்கிலச் சொல் தேடும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் கையில் 'ஆப்பொடிக்டிக்' (apodictic) சிக்கிக்கொள்கிறது. மறுக்க முடியாத உறுதி என்று அகராதி சொல்ல, 'ரொம்ப உறுதி' வருகிற இடத்திலெல்லாம் அதைப் போட்டுவிடுகிறார்கள். உறுதி எவ்வளவு என்பது இந்தச் சொல்லின் கவலை அல்ல. வேறு மாதிரி இருக்கவே முடியாது என்று தர்க்கத்தால் நிறுவக்கூடியதற்கு மட்டுமே இது பொருந்தும்.

டர்பனில் எல்லாருக்கும் தெரிந்ததையே எடுத்துக்கொள்வோம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. கப்பல் பதிவேடு இருக்கிறது, யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனாலும் இது ஆப்பொடிக்டிக் இல்லை. காற்று மாறியிருந்தால் 18ஆம் தேதி வந்திருக்கலாம். அதனால் எந்தத் தர்க்கமும் முறிந்திருக்காது. யூக்ளிடின் வடிவியலில் முக்கோணத்தின் கோணங்கள் சேர்ந்து 180 பாகை என்பது அப்படியல்ல. அடிப்படை விதிகளை ஒப்புக்கொண்டபின் அதை மறுக்க வழியே கிடையாது. முனுசாமி 'மூன்சாமி'யாகவும் கவுண்டர் 'கவெண்டர்' ஆகவும் மாறிய ஊரில் பாட்டனின் பெயரைத் தேடியவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புரியும். பெயர்த் தேடலில் ஆதாரம் கூடக்கூட நம்பிக்கை கூடும், அவ்வளவுதான்.

நீதிமன்றத் தீர்ப்புக்கும் இந்தச் சொல் வேண்டாம். தென்னாப்பிரிக்கக் குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தால் போதும். நியாயமில்லாத சந்தேகத்துக்கு அங்கே இன்னும் இடம் உண்டு.

சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறவர்கள் இதை 'அனுமானம்' என்று பெயர்க்கப் பார்ப்பார்கள். புகையைக் கண்டு நெருப்பை அறிவது, இரண்டையும் சேர்த்துக் கண்டு பழகிய அனுபவத்தால் வருவது. ஆப்பொடிக்டிக் முடிவுக்கு அந்தப் பழக்கம் தேவையில்லை. ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் 1781இல் வெளியிட்ட நூலில் செய்த பிரிவு இதைவிட உதவும்: இருக்கலாம், இருக்கிறது, இருந்தே தீரும். மூன்றாவதுதான் நம் சொல். இரண்டாவதை மூன்றாவதாக எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை.

'மிக', 'ஓரளவு' என்று முன்னால் ஒட்டவும் கூடாது. நிரூபணத்தில் ஓரளவு ஏது?

விவிலிய ஆய்வில் மட்டும் பொருள் வேறு. 'கொலை செய்யாதே' போல, 'இப்படி நடந்தால் இப்படிச் செய்' என்ற நிபந்தனை இல்லாத கட்டளையை ஆப்பொடிக்டிக் சட்டம் என்பார்கள். அங்கே நிரூபணம் என்ற பேச்சே இல்லை.