உள்மூலத்துக்கு ரப்பர் வளையம்: என் அனுபவம்

மலம் கழிக்கும்போது வலியின்றிச் சொட்டிய ரத்தம், நார்ச்சத்தைக் கூட்டியும் மாத்திரை சாப்பிட்டும் நிற்காததால் அறுவைச் சிகிச்சை மருத்துவரைப் பார்த்தேன். ரத்தக்கசிவுக்குப் பெருங்குடலில் வேறு காரணம் இல்லை என்பதை அவர் முதலில் கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திக் குடலைப் பார்க்கும் சோதனை) செய்து உறுதிப்படுத்திக்கொண்டார்; எல்லா ரத்தத்தையும் மூலம் என்றே எடுத்துக்கொள்வது ஆபத்தானது.

என்னுடையது இரண்டாம் நிலை உள்மூலம், அதாவது முக்கும்போது வெளியே வந்து தானாகவே உள்ளே சென்றுவிடும் வகை. ஊசி மருந்தால் மூலத்தைச் சுருக்குவது, அகச்சிவப்புக் கதிரால் சுடுவது, லேசர் ஆகியவற்றையும் விளக்கிய மருத்துவர், 1963-இல் ஜேம்ஸ் பாரன் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் பரவலான ரப்பர் வளைய முறையையே எனக்குப் பரிந்துரைத்தார். மூலத்தின் அடியில் சிறு வளையத்தை இறுக்கி மாட்டினால், ரத்த ஓட்டம் தடைபட்டு அது சுருங்கி, ஒரு வாரம் பத்து நாளில் வளையத்தோடு உதிர்ந்துவிடும். அங்கே உண்டாகும் தழும்பு மீதித் திசுவைக் குடலின் சுவரோடு பிடித்து வைக்கிறது. வலியுணரும் நரம்புகள் மிகுந்த பகுதிக்கு மேலே மாட்டுவதால் மயக்க மருந்து தேவைப்படவில்லை. வலியுணரும் அந்தப் பகுதியிலேயே இருக்கும் வெளிமூலத்துக்கு இம்முறை பொருந்தாததும் அதனால்தான்.

அன்று மாலை வரை மலம் முட்டுவது போன்ற அழுத்தம் இருந்தது. வெதுவெதுப்பான நீரில் உட்கார்ந்தது இதம் தந்தது. வளையம் உதிரும்போது சிறிது ரத்தம் வந்தது, பிறகு கசிவு நின்றுவிட்டது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காய்ச்சலோ கடும் வலியோ வந்தாலும், சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலும், தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.