விமானத்துக்குக் கீழே ஒரு போர்முனை செய்வது எப்படி

அக்கா மகன் கேட்ட ஒரு கேள்விதான் என்னைத் தரை மாடல் பக்கம் இழுத்தது. முதல் உலகப் போரின் விமானச் சண்டையைச் சின்ன மாடல்களும் அட்டைகளும் வைத்து மேசையில் ஆடும் விங்ஸ் ஆஃப் குளோரி விளையாடிக்கொண்டிருந்தோம். அவனிடம் ஃபோக்கர் என்ற ஜெர்மானிய விமானம், என்னிடம் சோப்வித் கேமல் என்ற பிரிட்டிஷ் விமானம். நீலத் துணி விரித்த மேசையில் முக்கால் மணி நேரமாக ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருந்தோம். "மாமா, இவங்க ரெண்டு பேரும் எதுக்கு இங்க வந்து சண்டை போடறாங்க?" என்றான்.

முதல் உலகப் போரில் விமானம் மேலே போனதே கீழே பார்ப்பதற்குத்தான். எதிரியின் பீரங்கி எங்கே நிற்கிறது, நம் குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு விமானம் போகும். அதை விரட்ட இன்னொன்று வரும். விரட்ட வந்ததை விரட்ட மூன்றாவது வரும். சண்டைக்கான காரணம் முழுக்கத் தரையில் இருந்தது. என் மேசையில் தரையே இல்லை. அன்றிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். விளையாட்டில் வேலை உள்ள மாடலை மட்டும் செய்வது, வெறும் அழகுக்கு ஒரு மரம்கூட வைப்பதில்லை.

முதலில் அளவு. இந்த விளையாட்டின் முதல் உலகப் போர் விமானங்கள் 1:144 அளவில், அதாவது நிஜத்தில் 144ல் ஒரு பங்காக வருகின்றன. கேமலின் இறக்கை நிஜத்தில் சுமார் 8.5 மீட்டர், மேசையில் 59 மில்லிமீட்டர். தரையையும் அதே அளவில் செய்யத் தோன்றும். நானும் அப்படித்தான் 12 மில்லிமீட்டர் சிப்பாய்களை வைத்தேன். விமானம் அவர்கள் தலையை உரசிக்கொண்டு போவது போல இருந்தது. பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் கண் தூரத்தை அளக்கிறது. அதனால் தரைக்கு 1:285 அல்லது 1:300 எடுத்துக்கொள்ளுங்கள். போர் மாடல் செய்கிறவர்கள் 6 மில்லிமீட்டர் என்று சொல்வது இந்த அளவைத்தான். ஆள் பாதியாகச் சுருங்கியதும் அதே தாங்கித் தண்டில் நிற்கும் விமானம் சட்டென்று உயரத்துக்குப் போய்விடும்.

அடுத்தது தடிமன். விமானத் தாங்கியின் அடித்தட்டு மேசையில்தான் நகர்கிறது. அதன் முன்னால், விமானம் எப்படிப் போகிறது என்று காட்டும் நகர்வு அட்டைகளையும் வைக்க வேண்டும். கீழே ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் வீடு இருந்தால் அட்டை சாயும், தாங்கி விழும், இறக்கை உடையும். தரை முழுவதும் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். பீரங்கி, லாரி போல எழும்பி நிற்பவற்றை 68க்கு 44 மில்லிமீட்டர் தட்டில் ஒட்டுங்கள். அது விளையாட்டில் ஒவ்வொரு விமானத்துக்கும் உள்ள அட்டையின் அளவு. விமானம் மேலே வந்தால் மாடலை எடுத்துவிட்டு, அதே அளவில் வெட்டிய காகிதத் துண்டை அந்த இடத்தில் வைக்கலாம். சுடும் தூரம் அளப்பதற்கும் குழப்பம் வராது. சுடப்படுவது விளையாட்டின் அளவுகோலின் பாதிக்குள் இருந்தால் அதற்கு இரண்டு சேத அட்டை, அதைத் தாண்டினால் ஒன்று என்ற விதி, தரையில் இருப்பதை விமானம் சுடும்போதும் அப்படியே பொருந்தும்.

பதுங்கு குழிக்கு 3 மில்லிமீட்டர் சன்போர்டு என்ற நுரைப் பலகை போதும். மேல்தாளைக் கீறி எடுத்து, உள்ளே இருக்கும் நுரையை மழுங்கிய கத்தியால் வழித்தெடுங்கள். அகலம் 7 மில்லிமீட்டர். நிஜத்தில் அது 2 மீட்டர். நேர்கோடாக வெட்டாதீர்கள். ஒரு முனையில் குண்டு விழுந்தால் சிதறல் முழுக் குழிக்கும் பாயக் கூடாது என்பதற்காகச் சில மீட்டருக்கு ஒருமுறை மடக்கி மடக்கித் தோண்டினார்கள். மேலிருந்து பார்த்தால் கோட்டை மதிலின் பற்கள் போலத் தெரியும். வண்ணத்தில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். முழுக்கச் செம்மண் நிறம் அடித்திருந்தேன். அப்புறம்தான் பிரான்சில் போர் நடந்த சோம் பகுதியின் வான்படங்களைப் பார்த்தேன். அங்கே மேல்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. தோண்டிப் போட்டதெல்லாம் வெளுப்பு. குழியின் இரண்டு கரையிலும் சாம்பல் கலந்த வெள்ளையை உலர்ந்த பிரஷ்ஷால் லேசாக இழுத்ததும் அந்த ஊர் வந்துவிட்டது.

மண்ணுக்கு, டீ வடித்த தூள்தான் நான் கண்டதில் சிறந்தது. இரண்டு நாள் வெயிலில் காய வைத்து, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகால் மேல் தூவுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். ரவை வேண்டாம். நான் ரவை தூவிய முதல் பலகையை எறும்பு மொய்த்து, தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

இப்போது என் மனதுக்கு மிகவும் பிடித்த மாடல்: கூடையில் ஆளை ஏற்றி, எதிரியை மேலிருந்து பார்க்கக் கட்டி நிறுத்தும் கண்காணிப்பு பலூன். ஆல்பர்ட் காக்கோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் வடிவமைத்தது. பிறகு ஜெர்மானியர்களும் அந்த வடிவத்தைப் பார்த்துச் செய்தார்கள். ஆகவே ஒரே மாடல் இரண்டு பக்கத்துக்கும் உதவும். இதற்கு மட்டும் சின்ன அளவு கூடாது. பலூன் விமானத்தோடு அதே வானத்தில் நிற்கிறது, எனவே 1:144. நிஜத்தில் ஏறக்குறைய 28 மீட்டர் நீளம் என்றால் மேசையில் 19 சென்டிமீட்டர், மூன்று கேமல்களை வரிசையாக நிறுத்திய அகலம்! கீழே அதை இழுத்துப் பிடிக்கும் வின்ச் லாரி மட்டும் 1:285.

தெர்மாகோல் கட்டியை மாங்காய் போல முன்பக்கம் பருத்தும் பின்பக்கம் ஒடுங்கியும் வரும்படி செதுக்கி, உப்புத்தாளால் தேயுங்கள். டிஷ்யூ காகிதத்தை ஃபெவிகால் தண்ணீரில் நனைத்து மூன்று சுற்று ஒட்டி, ஒவ்வொரு சுற்றையும் காய விடுங்கள். இந்தத் தோல் இல்லாமல் ஸ்பிரே பெயின்ட் அடித்தால் அதிலிருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். என் முதல் பலூன் ஐந்தே நிமிடத்தில் அம்மை கண்ட முகம் போலக் குழிகுழியாகிவிட்டது. வால் பக்கம் காற்றுப்பை போன்ற மூன்று சிறகுகள் உண்டு: ஒன்று நேர் கீழே, இரண்டு மேல்நோக்கிச் சாய்ந்து. பஞ்சை டிஷ்யூவில் சுற்றினால் அந்தத் தொளதொளப்பு அப்படியே வரும். கூடைக்கு 8 மில்லிமீட்டர் எம்-சீல் உருண்டையைச் சதுரமாக்கி, காயும் முன் ஊசியால் கட்டம் கட்டமாகக் கீறுங்கள். பிரம்பு பின்னல் தெரியும். தையல் நூலால் கட்டித் தொங்கவிடுங்கள்.

நிறுத்தி வைக்க சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. வளையாது, திருகு முனை இருப்பதால் தட்டில் முடுக்கிக்கொள்ளலாம். கனத்துக்குத் தட்டின் அடியில் பெரிய இரும்பு வாஷர் ஒட்டுங்கள். முழு நீளம், பாதி, கால் என்று மூன்று கம்பி வெட்டிக்கொள்ளுங்கள், ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

பலூன் அசையாமல் நிற்பதால் சுலபமான இரை என்று நினைக்கக் கூடாது. அது எந்த உயரத்தில் நிற்கிறது என்பது கீழே இருக்கும் பீரங்கிகளுக்கு முன்கூட்டியே தெரியும். அமெரிக்க விமானி ஃபிராங்க் லூக் 1918 செப்டம்பரில் மூன்று வாரத்துக்குள் 14 பலூன்களை எரித்தார்; கடைசியில் தரையிலிருந்து வந்த குண்டுதான் அவரைச் சாய்த்தது. 'ரெட் பாரன்' என்று பெயர் பெற்ற ஜெர்மானிய விமானி ரிச்தோஃபெனைக் கொன்ற தோட்டாவும் தரையிலிருந்துதான் வந்தது என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. எனவே பலூனைச் சுற்றி மூன்று பீரங்கித் தட்டு வையுங்கள். அளவுகோலின் பாதிக்குள் வரும் விமானம் ஒவ்வொரு நகர்விலும் ஒரு சேத அட்டை எடுக்க வேண்டும்.

பலூனுக்கான மற்ற விதிகளும் எங்கள் வீட்டில் உருவானவைதான். உள்ளே ஹைட்ரஜன் இருந்தாலும் சாதாரணத் தோட்டா துளைத்துக்கொண்டு போய்விடும். தீ பிடிக்கத் தீக்குண்டு வேண்டும். எனவே பலூன் எடுக்கும் சேத அட்டையில் தீ அடையாளம் வந்தால் மட்டுமே அது எரியும், மற்ற அட்டைகளை எண்ணுவதில்லை. முதல் தோட்டா பட்டதும் பலூனைக் கீழே இறக்க வின்ச் ஓடத் தொடங்கும். மூன்று நகர்வு அட்டைகள் முடிந்த ஒவ்வொரு சுற்றிலும் கம்பியை ஒரு படி குட்டையாக்குங்கள். கால் கம்பிக்கு வந்த பிறகு அடுத்த சுற்று முடிவதற்குள் எரியாவிட்டால் பலூன் தப்பித்தது. அக்கா மகன் இரண்டாவது கம்பி மாறும்போதே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவான்.

கூடையில் இருப்பவருக்குப் பாராசூட் உண்டு. கேமலில் இருக்கும் என் விமானிக்கு அது கிடையாது. பலூன் எரிந்தால் வெள்ளைக் காகித வட்டம் ஒன்றை அந்த இடத்தில் வைத்து, பகடையில் மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் அவர் பிழைத்ததாகக் கணக்கு. அந்த வட்டத்தின் மேல் யாரும் சுடுவதில்லை. இந்த விதியைப் போட்டது அக்கா மகன்.