வட்டி இறங்கும் காலத்தில் நோட்டீஸ் சேமிப்புக் கணக்கு: பிரிட்டனில் சேமிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டி 2023 ஆகஸ்டில் 5.25 சதவீதத்தைத் தொட்டு, ஓராண்டு அங்கேயே நின்றது. 2024 ஆகஸ்ட் 1 அன்று இறங்கத் தொடங்கியது. கால் சதவீதம் கால் சதவீதமாக ஆறு முறை குறைத்து, 2025 டிசம்பர் 18 அன்று 3.75-க்குக் கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு குறைப்புக்குப் பிறகும் சேமிப்புக் கணக்குகளின் வட்டியும் சரிந்தது. நினைத்தபோது எடுக்கும் கணக்கில் வட்டி போதவில்லை, ஓராண்டுக்கு மொத்தமாகப் பூட்டி வைக்கவும் மனம் வரவில்லை என்பவர்கள் நடுவழியாகத் தேர்ந்தெடுப்பது நோட்டீஸ் கணக்கை. பணம் வேண்டுமென்றால் 30, 35, 60, 90, 95, 120 அல்லது 180 நாள் முன்பே வங்கியிடம் சொல்லிவிட வேண்டும். அந்தக் காத்திருப்புக்காகத்தான் வட்டி கொஞ்சம் கூடுதல்.

35 நாள் என்ற விநோதமான எண் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பார்கள். அடுத்த 30 நாளில் வாடிக்கையாளர்கள் எடுத்துவிடக்கூடிய பணத்துக்கு ஈடாக, உடனே காசாக்கக்கூடிய சொத்துகளை வங்கி கையில் வைத்திருக்க வேண்டும் என்பது 2008 நெருக்கடிக்குப் பிறகு வந்த விதி. 30 நாளுக்குள் எடுக்கவே முடியாத பணம் அந்தக் கணக்கீட்டில் சேராது. வங்கிக்கு அதில் செலவு மிச்சம், அதில் ஒரு பங்கு உங்களுக்கு வட்டியாக வருகிறது. அவசரத்துக்குக்கூட இடையில் பணம் தர மாட்டோம் என்று பல வங்கிகள் பிடிவாதமாக நிற்பதற்கும் இதுவே காரணம். அவர்களிடம் கெஞ்சிப் பயனில்லை.

பூட்டியது பணத்தை, வட்டியை அல்ல

மிகப் பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது. "95 நாளுக்குப் பணத்தைத் தொட முடியாது, அப்படியானால் 95 நாளுக்கு வட்டியும் மாறாது" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நோட்டீஸ் கணக்கின் வட்டி பொதுவாக மாறும் வட்டி. உங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது, வங்கியின் கை கட்டப்படவில்லை. வட்டி ஏறும் காலத்தில் இது உங்களுக்குச் சாதகம். இறங்கும் காலத்தில் கவனம் வேண்டும்.

ஆனால் வட்டியைக் குறைக்கும் முன் வங்கி நியாயமான கால அவகாசம் தந்து தெரிவித்தாக வேண்டும். பல வங்கிகளின் நிபந்தனைகளில் இந்த அவகாசம் "நோட்டீஸ் காலம், அதனுடன் 14 நாள்" என்று எழுதப்பட்டிருக்கும். உங்கள் கணக்கில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பணம் போடும் முன் படித்துவிடுங்கள். மொத்த நிபந்தனைகளில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த ஒரு வரியைப் படியுங்கள். அடிப்படை வட்டியோடு நேரடியாகப் பிணைத்த நோட்டீஸ் கணக்குகளும் சில உண்டு. அவற்றில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து குறைத்தால், உங்களுக்குத் தனியாக எச்சரிக்கை வராமலே வட்டி இறங்கிவிடலாம்.

அந்த மின்னஞ்சலைத் திறக்காமல் விடுவது

ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம். 95 நாள் நோட்டீஸ் கணக்கில் 40,000 பவுண்ட் இருக்கிறது. 2026 செப்டம்பர் 1 அன்று "உங்கள் வட்டி 0.40 குறைகிறது" என்று மின்னஞ்சல் வருகிறது. 95-உம் 14-உம் சேர்ந்து 109 நாள். டிசம்பர் 19 வரை பழைய வட்டிதான். செப்டம்பர் 15-க்குள் நீங்கள் நோட்டீஸ் கொடுத்தால் குறைந்த வட்டியில் ஒரு நாள்கூட இருக்காமல் வெளியே வரலாம்.

மின்னஞ்சலைக் கவனிக்காமல் நவம்பர் 15 அன்று நோட்டீஸ் கொடுத்தால் பணம் கைக்கு வருவது 2027 பிப்ரவரி 18. இடையில் 61 நாள் குறைந்த வட்டி. இழப்பு சுமார் 27 பவுண்ட். தொகை பெரிதல்லதான். ஆனால் இது ஒரு முறையோடு நிற்பதில்லை. வட்டி இறங்கும் காலத்தில் இப்படிப்பட்ட கடிதம் ஆண்டுக்கு இரண்டு மூன்று வரலாம். பார்க்காமல் விடுபவர் ஒவ்வொரு முறையும் ஒரு படி கீழே போய்க்கொண்டே இருப்பார்.

என்ன செய்யலாம்? கொடுத்த நோட்டீஸை நடுவில் ரத்து செய்ய உங்கள் வங்கி அனுமதிக்கிறதா என்று பாருங்கள். பல வங்கிகள் அனுமதிக்கின்றன. அப்படியானால் கடிதம் வந்த அன்றே நோட்டீஸ் கொடுத்துவிட்டு, மூன்று மாதம் சந்தையைப் பார்க்கலாம். வெளியே நல்ல வட்டி இல்லையென்றால் ரத்து செய்துவிட்டு இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். எல்லா வங்கிகளும் குறைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் வங்கி குறைத்த பிறகும் அதுவே மேலாக இருக்கக்கூடும். எனவே கோபத்தில் வெளியேற வேண்டாம், ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வெளியேறுங்கள். வங்கியின் மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குள் போகாமல் இருக்க, அந்த முகவரியை உங்கள் தொடர்புப் பட்டியலில் சேர்த்து வையுங்கள்.

இன்றைய எண்ணை மட்டும் பார்ப்பது

ஒப்பீட்டுத் தளத்தில் நோட்டீஸ் கணக்கு 4.30, ஓராண்டு நிலையான வைப்பு 4.10 என்று இருந்தால், கை தானாக 4.30 பக்கம் போகும். நோட்டீஸ் கணக்கின் வட்டி நான்காம் மாத முடிவில் கால் சதவீதமும் எட்டாம் மாத முடிவில் இன்னொரு கால் சதவீதமும் இறங்கினால்? முதல் நான்கு மாதம் 4.30, அடுத்து 4.05, கடைசியில் 3.80. சராசரி 4.05. 20,000 பவுண்டுக்கு ஓராண்டில் 810 பவுண்ட். நிலையான வைப்பில் 820. இரண்டு குறைப்பு வருமென்றால் நிலையான வைப்பு மெல்ல முந்துகிறது. ஒன்றே ஒன்று வந்தால் நோட்டீஸ் கணக்கு முந்தும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆண்டு முழுக்கத் தேவைப்படாது என்று உறுதியாகத் தெரிந்த பணம் என்றால், வட்டி இறங்கும் காலத்தில் நிலையான வைப்பின் பக்கம் சாய்வதே புத்திசாலித்தனம் என்பது எங்கள் கருத்து.

மறுபக்கத்தையும் பாருங்கள். எந்த நேரமும் எடுக்கக்கூடிய கணக்கு 4.20 தரும்போது 4.30-க்காக 95 நாள் காத்திருப்பதில் என்ன இருக்கிறது? 20,000 பவுண்டுக்கு ஆண்டுக்கு 20 பவுண்ட். அந்தத் தொகைக்கு மூன்று மாத சுதந்திரத்தை விற்க வேண்டாம். ஆனால் அந்த 4.20-இல் முதல் 12 மாதத்துக்கான போனஸ் எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை முறை எடுக்கலாம் என்ற வரம்பு உண்டா என்பதையும் பார்த்தபின்தான் முடிவு. ஒப்பிடும்போது எல்லா இடத்திலும் ஏ.இ.ஆர். (வட்டிக்கு வட்டியும் சேர்த்து ஓராண்டுக்குக் கணக்கிட்ட வட்டி வீதம்) எண்ணையே எடுங்கள். மாத வட்டிக் கணக்கின் எண்ணையும் ஆண்டு வட்டிக் கணக்கின் எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் தப்பாகும்.

வீட்டு முன்பணத்தை இங்கே போடுவது

வீடு வாங்கக் காத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். விலை பேசி முடித்த பிறகு வக்கீல்களின் வேலை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இழுக்கும். பிறகு திடீரென்று "அடுத்த வாரம் ஒப்பந்தப் பரிமாற்றம், 10 சதவீத முன்பணத்தை அனுப்புங்கள்" என்று வரும். அந்த நேரத்தில் பணம் 95 நாள் கணக்கில் இருந்தால் எந்த வங்கி மேலாளராலும் உதவ முடியாது. மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான அவசரப் பணமும் அப்படித்தான். ஊரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று அன்றிரவே விமான டிக்கெட் எடுக்க வேண்டிய குடும்பங்கள் நம்முடையவை. அந்தப் பணம் எந்த நேரமும் எடுக்கும் கணக்கில் இருக்கட்டும்.

இடையில் எடுத்தால் நோட்டீஸ் நாள் அத்தனைக்குமான வட்டியைப் பிடித்துக்கொண்டு கொடுக்கும் கணக்குகளும் உண்டு. 95 நாள் வட்டி என்றால் 4 சதவீதத்தில் 10,000 பவுண்டுக்கு சுமார் 104 பவுண்ட். கணக்கு தொடங்கி ஒரு மாதத்தில் எடுத்தால் போட்ட தொகையே குறைந்து வரும்.

நோட்டீஸ் நாளையும் சரியாக எண்ணுங்கள். 2026 செப்டம்பர் 1-இலிருந்து 95 நாள் என்றால் டிசம்பர் 5, சனிக்கிழமை. வார இறுதியில் பணம் அனுப்பாத வங்கியில் அது திங்கட்கிழமை 7-ஆம் தேதிதான் வரும். வக்கீலிடம் "5-ஆம் தேதி தருகிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள்.

மொத்தத்தையும் ஒரே நோட்டீஸில் கட்டுவது

30,000 பவுண்ட் இருந்தால் அதை மூன்று 10,000 ஆகப் பிரித்து, மாதம் ஒன்றுக்கு நோட்டீஸ் கொடுத்து வாருங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு, ஏறக்குறைய மாதந்தோறும் ஒரு பகுதி வெளியே வரத் தயாராக இருக்கும். தேவையில்லாத மாதத்தில் ரத்து செய்து மறுபடி நோட்டீஸ் கொடுக்கலாம். பகுதி பகுதியாக நோட்டீஸ் கொடுக்க வங்கி அனுமதிக்க வேண்டும், மிச்சம் வைக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே போகக் கூடாது. இந்த இரண்டையும் முன்பே பாருங்கள்.

நிலையான வைப்புக்கு மாற நினைப்பவர்களுக்கும் இது உதவும். இன்று நல்ல வட்டியில் இருக்கும் ஓராண்டு வைப்பு 95 நாள் கழித்து உங்கள் பணம் வரும்போது சந்தையில் இல்லாமல் போகலாம். கணக்கைத் திறந்துவிட்டு மெதுவாகப் பணம் போடலாம் என்றால், அதற்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரமே அவகாசம். கையில் முதிரும் பகுதி ஒன்று இருப்பவர்தான் அதைப் பிடிக்க முடியும்.

அப்படி வெளியே வந்த பணத்தை நடப்புக் கணக்கில் அப்படியே கிடக்க விடுவது அடுத்த தவறு. 4 சதவீதத்தில் இருந்த 10,000 பவுண்ட் வட்டியில்லாமல் 14 நாள் கிடந்தால் 15 பவுண்டுக்கு மேல் போய்விடும். 0.20 கூடுதல் வட்டிக்காக நீங்கள் கணக்கு மாற்றுவதன் ஓராண்டு லாபமே 20 பவுண்டுதான். எனவே பணம் வரும் நாளுக்கு முன்பே புதிய கணக்கைத் திறந்து, அடையாளச் சரிபார்ப்பை முடித்து வையுங்கள்.

முழுத் தொகையையும் எடுத்தால் சில வங்கிகள் கணக்கையே மூடிவிடும். நீங்கள் வைத்திருப்பது இப்போது விற்பனையில் இல்லாத பழைய வெளியீடாக இருந்து, அதன் வட்டி புதிய வெளியீட்டைவிட அதிகமாக இருந்தால், குறைந்தபட்சத் தொகையை விட்டுவைத்துக் கணக்கை உயிரோடு வைத்திருங்கள். பழைய வெளியீட்டில் மேலும் பணம் போட அனுமதி இருந்தால் இன்னும் நல்லது.

வரியை மறப்பது

அடிப்படை வரி கட்டுபவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்ட் வட்டிவரை வரியில்லை. 40 சதவீத வரி கட்டுபவருக்கு 500. அதற்கும் மேல்நிலையில் இருப்பவருக்கு எதுவுமில்லை. 4 சதவீத வட்டியில் முதலாமவர் 25,000 பவுண்டிலும் இரண்டாமவர் 12,500 பவுண்டிலும் எல்லையைத் தொட்டுவிடுவார்கள்.

40 சதவீதக்காரர் ஒருவர் 40,000 பவுண்ட் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். வட்டி 1,600. அதில் 1,100-க்கு வரி 440. கையில் நிற்பது 1,160, அதாவது 2.9 சதவீதம். 3.8 தரும் ரொக்க ஐசா (வட்டிக்கு வரியில்லாத சேமிப்புக் கணக்கு), விளம்பரத்தில் குறைவாகத் தெரிந்தாலும், அவருக்கு நோட்டீஸ் கணக்கைவிட எவ்வளவோ மேல். 2027 ஏப்ரல் முதல் சேமிப்பு வட்டிக்கான வரி 22, 42, 47 சதவீதம் என்று இரண்டிரண்டு புள்ளி ஏறுகிறது. அதே ஏப்ரலிலிருந்து 65 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் ஆண்டுக்கு 20,000-க்குப் பதில் 12,000 பவுண்ட் மட்டுமே ரொக்க ஐசாவில் போடலாம். முழு அளவும் கிடைக்கும்போதே பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஐசாவிலேயே நோட்டீஸ் கணக்கு இருந்து வேறு வங்கிக்கு மாற விரும்பினால், புதிய வங்கியின் மாற்றப் படிவம் வழியாக மட்டும் மாறுங்கள். பணத்தை நடப்புக் கணக்குக்கு எடுத்தால் வரிவிலக்குப் போர்வை அன்றே போய்விடும்.

இந்தியாவில் என்.ஆர்.இ. வைப்பு (வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான வைப்பு) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை என்பது உண்மை. ஆனால் பிரிட்டனில் வசிப்பவருக்கு அது இங்கே வருமானம், மேலே சொன்ன 1,000 அல்லது 500-க்குள் அதுவும் சேரும். இலங்கை வங்கியில் உள்ள வைப்பின் வட்டியும் அப்படியே. புதிதாகக் குடியேறியவர்களுக்கு முதல் நான்கு ஆண்டுக்கு 2025 ஏப்ரல் முதல் தனிச் சலுகை இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டு வாங்கினால் 12,570 பவுண்ட் வரியில்லா வரம்பு அந்த ஆண்டுக்குக் கிடைக்காது.

காப்பு வரம்பும் பெயரும்

2025 டிசம்பர் 1 முதல் வங்கி முறிந்தால் கிடைக்கும் காப்பு ஒருவருக்கு, ஒரு வங்கி உரிமத்துக்கு, 85,000-இலிருந்து 120,000 பவுண்டாக உயர்ந்திருக்கிறது. கூட்டுக் கணக்குக்கு 240,000. வட்டியும் இதற்குள் அடக்கம். 118,000 போட்டு 4 சதவீதம் சேர்ந்தால் ஆண்டு முடிவில் 122,720, எல்லையைத் தாண்டிவிட்டது. ஹாலிஃபாக்ஸும் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் ஒரே உரிமம். ரெய்சின் போல் பல வங்கிகளின் கணக்குகளை ஒரே இடத்தில் தரும் தளம் வழியாக ஒரு வங்கியில் போட்டதும், அதே வங்கியில் நேரடியாகப் போட்டதும் ஒன்றாகவே கூட்டப்படும்.

நோட்டீஸ் முடிந்ததும் பணம் போவது நீங்கள் பதிவு செய்த நடப்புக் கணக்குக்கு மட்டுமே. அது உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு முழுப்பெயர், பழைய வங்கியில் இனிஷியல் மட்டும் என்று வைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். பெயர் பொருந்தவில்லை என்றால் வங்கி நிறுத்தி வைத்து ஆவணம் கேட்கும், சில நாள் போய்விடும். அந்த நடப்புக் கணக்கை நடுவில் மூடியிருந்தாலும் இதே கதைதான். நோட்டீஸ் கொடுக்கும் முன் ஆப்பில் நுழைந்து, பதிவான கணக்கு எண்ணையும் சார்ட் கோடையும் பெயரின் எழுத்துகளையும் ஒருமுறை சரிபாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் 95 நாள் ஓடத் தொடங்கும்போதே மாற்றிவிடுங்கள், கடைசி வாரத்தில் அல்ல.